சவலை பாய்ந்தவள்

எங்கள் வீட்டில் நான் மூன்றாவது பெண். எனக்கு நான்கு மாதம் ஆனபோதே அம்மாவின் வயிற்றில் தம்பி தங்கிவிட்டான். பதின்மூன்றாம் மாதம் பிறந்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை எனக்கு வீட்டில் வழங்கிய பெயர் சவலை. அப்பாயி கடைசிவரை வேறு பெயர் சொல்லி என்னைக் கூப்பிடவில்லை. முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன அன்றும், திண்ணையில் உட்கார்ந்தபடி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சவல வந்துருக்கா பாரு" என்றுதான் உள்ளே குரல் கொடுத்தாள். அதில் வெறுப்பு இல்லை. கருப்பி, நெட்டச்சி என்பதைப்போல அதுவும் ஓர் அடையாளம். ஆனால் அந்தச் சொல் விழும்போதெல்லாம் அம்மாவின் தலை சற்றே குனியும். என்னைக் கூப்பிடும் சொல்லுக்கு அவள் ஏன் குனிய வேண்டும்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

நான் பிறந்தபோது அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2001இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007இல் திரும்பவும் தனியானது. பிறந்தது செந்துறைப் பக்கம், முந்திரிக்காட்டு ஓரத்தில். பாடம் நடத்துவது பெரம்பலூரில். இந்த இரண்டு ஊருக்கும் இடையில் பேருந்தில் போய்வரும் எனக்கு, மாவட்ட எல்லை மாறினாலும் பெண்களின் பேச்சில் மாறாமல் இருக்கும் சில சொற்கள் தெரியும். அவற்றில் ஒன்று சவலை.

தாய்ப்பால் போதாமல் மெலிந்துபோகும் பிள்ளையைச் சவலை என்கிறோம். பெரும்பாலும் தாய் மறுபடி கருவுற்றதால் பால் குறைந்து, அல்லது பால் நிறுத்தப்பட்டு மெலிந்த பிள்ளை. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் தள்ளி, தலைமுடி செம்பட்டையாகி, எந்நேரமும் சிணுங்கிக்கொண்டு தாயின் முந்தானையை விடாத பிள்ளை. "சவலை பாஞ்சிருச்சு" என்பார்கள். வினைச்சொல்லைக் கவனியுங்கள். பாய்தல். தண்ணீர் பாயும், மாடு பாயும், மின்சாரம் பாயும். சவலையும் அப்படி எங்கிருந்தோ வந்து பிள்ளையின்மேல் பாய்ந்துவிடுகிறது. யார் திறந்துவிட்டது, யார் அவிழ்த்துவிட்டது என்று அந்த வாக்கியத்தில் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், இந்தச் சொல் பிள்ளையோடு நிற்கவில்லை என்று தெரியும். மெலிவு, மனக்கலக்கம் என்றெல்லாம் அது விரிகிறது. பால் இல்லாத கன்று சவலைக் கன்று. எதிலும் ஊன்றி நிற்காத நெஞ்சு சவலை நெஞ்சு. ஒலியால் இதற்குப் பக்கத்தில் நிற்கும் வினை, சவளுதல். வளைதல், துவளுதல் என்று பொருள். பிடித்துத் தூக்கினால் நிமிராமல் கையோடு மடங்கும் ஒன்றை அந்த ஒலி நினைவூட்டுகிறது. அம்மாயி என்னைத் தூக்கியபோது நான் ஈரத்துணி மாதிரித் தோளில் தொங்கினேன் என்று சொல்வாள். அகராதி பார்க்காத அம்மாயிக்குச் சவலைக்கும் சவளலுக்கும் உள்ள உறவு தோளில் தெரிந்திருக்கிறது.

மெலிவுக்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. நோஞ்சான், சூம்பல், இளைப்பு, வாட்டம், தேய்வு. காசநோய்க்கு எலும்புருக்கி. இவையெல்லாம் உடல் எப்படி இருக்கிறது என்று சொல்பவை. வேறொரு வரிசை உண்டு: தேரை விழுந்த பிள்ளை, பறவை தோஷம் பட்ட பிள்ளை, தீட்டுப் பட்ட பிள்ளை. இவை காரணம் சொல்பவை. தேங்காய்க்குள் தேரை விழுந்ததால் பருப்பு இல்லாமல் போனது என்பதைப்போல, பிள்ளைக்குள்ளும் ஏதோ விழுந்துவிட்டது. தீட்டு என்று வரும்போது அந்த ஏதோ ஒன்று விலக்கான ஒரு பெண்ணின் கையாக, நிழலாக மாறிவிடுகிறது. பிள்ளை தேய்ந்தால் பக்கத்து வீட்டுப் பெண் எந்த நாளில் தூக்கினாள் என்று கணக்குப் பார்ப்பார்கள்.

சவலை இந்த இரண்டு வரிசையிலும் முழுதாக அடங்காது. அது ஓர் உறவைச் சொல்கிறது. ஒரு பிள்ளை தனியாக நோஞ்சானாக இருக்கலாம். தனியாகச் சவலையாக முடியாது. சவலையாவதற்கு ஒரு தாய் வேண்டும், அவள் வயிற்றில் இன்னொரு பிள்ளை வேண்டும். ஒரே சொல்லில் மூன்று உயிர்கள். அந்த வகையில் நோயை இவ்வளவு துல்லியமாகப் பார்த்த சொற்கள் உலகில் குறைவு.

அப்படிப் பார்த்த இன்னொரு சொல் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஜமைக்காவில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்த சிசிலி வில்லியம்ஸ், அன்று கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் மருத்துவராக இருந்தார். பால் மறந்த பிள்ளைகள் வீங்கி, தோல் உரிந்து, முடி வெளிறிச் சாவதைப் பார்த்தார். 1933இல் அதைப் பற்றி எழுதினார். அது பெல்லகரா என்னும் பழைய நோய்தான், புதிதாக ஒன்றுமில்லை என்று மருத்துவ உலகில் எதிர்வாதம் வந்தது. அவர் ஊர்ப் பெண்களிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். கா மொழியில் அவர்கள் சொன்ன பெயர்தான் குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை வரும்போது மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். 1935இல் லான்செட் இதழில் அந்தப் பெயரையே வைத்து எழுதினார். மருத்துவப் பாடநூலில் இன்றும் அதுவே பெயர்.

பாடநூலில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பெயர் மராஸ்மஸ். கிரேக்க மொழியில் வாடுதல் என்று பொருள். அது வாடலைப் பார்த்தது. ஏன் வாடியது என்று கேட்கவில்லை. கா மொழிப் பெண்கள் ஏன் என்று பார்த்தார்கள். செந்துறைப் பெண்களும் பார்த்தார்கள். வீக்கமும் மெலிவும் மருத்துவத்தில் இரண்டு நோய்கள். சவலை இரண்டையும் சேர்த்துக் கொண்டது. இரண்டு கண்டங்களில், ஒருவரை ஒருவர் அறியாத பெண்கள், அடுப்படியிலிருந்தும் கொல்லையிலிருந்தும் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அந்த அறிவு ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் ஒருவர் கேட்டதால் அங்கே உலகச் சொல் ஆனது. சவலை திண்ணையிலேயே இருக்கிறது.

வில்லியம்ஸ் 1933இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே மக்காச்சோளம் இருந்தது. பால் மறந்த பிள்ளைகளுக்குக் கிடைத்ததெல்லாம் மக்காச்சோளக் கஞ்சி. பெரம்பலூரில் எங்கள் கல்லூரிச் சாலையின் இருபுறமும் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. கம்பும் சோளமும் வரகும் நின்ற மண். இங்கே விளையும் மக்காச்சோளத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை; அது கோழித்தீவனத்துக்கு லாரியில் போகிறது. கோழிக்கு எத்தனை நாளில் எத்தனை கிராம் ஏற வேண்டும் என்ற கணக்கு பண்ணைக்காரருக்கு மனப்பாடம்.

தமிழ் படித்த பெண்ணுக்கு மெலிவு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பசலை. பிரிவால் தலைவியின் உடலில் படரும் வெளிறிய நிறம். வளை கழலும், தோள் மெலியும், நெற்றி ஒளி இழக்கும். வள்ளுவர் பசலைக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார்: பசப்புறு பருவரல், 119. உறுப்புநலன் அழிதல் என்று இன்னொன்று, 124. சங்க அகப்பாடல்களில் பசலையை நீக்கிவிட்டால் நெய்தலும் பாலையும் பாதியாகிவிடும். நெட் தேர்வுக்குப் பசலை படிக்கிறோம், ஆய்வேடு எழுதுகிறோம். பெண் உடல் மெலிவது தமிழில் அழகாகிவிட்டது. காதலால் மெலிந்தால்.

பசியால் மெலிந்த உடலும் சங்கத்தில் இல்லாமல் இல்லை. புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வீட்டைக் காட்டுகிறார். சமைப்பதை மறந்து காளான் பூத்த அடுப்பு. பால் வற்றித் தோலாய்ச் சுருங்கிய முலை. அதைச் சுவைக்குந்தோறும் அழும் பிள்ளை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கும் மனைவி. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உன்னை நினைத்து வந்தேன் என்கிறார் புலவர். பரிசில் கடாநிலை என்று துறையைக் குறித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போகிறோம். புலவரின் வறுமை, வள்ளலின் கொடை என்று விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் உண்டு. அந்த முலை யாருடையது என்று வினாத்தாள் கேட்பதில்லை. அவள் பேசியிருந்தால் பாட்டு எந்தத் துறையில் சேர்ந்திருக்கும்?

ஆண் தேய்வதற்கும் கதை உண்டு. தக்கனின் இருபத்தேழு பெண்களை மணந்த சந்திரன், ரோகிணியிடம் மட்டும் தங்கினான். தக்கன் சபித்தான், சந்திரனுக்குத் தேயும் நோய் வந்தது. க்ஷயம், தமிழில் சயம். அதில்கூட மன்னிப்பு இருக்கிறது: தேய்ந்தவன் மறுபடி வளர்கிறான், மாதந்தோறும். ஆண் ஆசை மிகுந்து தேய்கிறான், பெண் ஆசைப்பட்டவன் வராமல் தேய்கிறாள். பிள்ளை தேய்வதற்குக் காவியம் இல்லை. திண்ணைப் பேச்சு மட்டும்தான்.

ஆனால் இலக்கணத்துக்குள் சவலை நுழைந்திருக்கிறது. யாப்பில் சவலை வெண்பா என்று ஒரு வகை. பாடம் நடத்தும்போது கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டுவேன். நேரிசை வெண்பாவுக்கு நான்கு அடிகள். கடைசி அடியில் மூன்று சீர், மற்ற மூன்றிலும் நான்கு சீர். இரண்டாம் அடியின் நான்காவது சீர்தான் தனிச்சொல். மேலே உள்ள இரண்டடியையும் கீழே உள்ள இரண்டடியையும் அது கட்டிவைக்கிறது. அந்தத் தனிச்சொல் வராமல், இரண்டு குறட்பாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து நின்றால் அது சவலை வெண்பா. மூதுரையில் பாலைக் காய்ச்சுவதும் சங்கைச் சுடுவதும் வரும் பாட்டைத்தான் எல்லா ஆசிரியர்களும் எடுத்துக்காட்டாகச் சொல்வோம். சிறுவயதில் ஒப்பித்த பாட்டு சவலை என்று தெரியும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள்.

போன ஆண்டு சிரிப்பு அடங்கியதும், ஆண்டிமடம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள்.

"மேம், எங்க ஊர்ல சவலன்னா வேற."

"சொல்லும்மா."

"அம்மா மாசமாயிட்டா, கைப்புள்ளைக்கி வர்றது."

"அதேதான். இலக்கணக்காரர் அங்கேயிருந்துதான் எடுத்திருக்கார்."

அப்படியானால் வெண்பாவில் யார் அம்மா, யார் பிள்ளை என்று வகுப்பு விவாதத்தில் இறங்கியது. முதல் குறள் மூத்த பிள்ளை, இரண்டாவது குறள் அடுத்த பிள்ளை என்றாள் ஒருத்தி. அப்படியென்றால் விடுபட்ட தனிச்சொல் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய இடைவெளி என்றாள் இன்னொருத்தி. நான் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் அடியின் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. இருபது ஆண்டுகளாக நடத்தும் பாடம். அந்தக் காலிக் கட்டத்தை ஒரு பெண்ணின் உடம்போடு சேர்த்துப் பார்க்க, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் போதும் எனக்கு.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இதுல அப்பா எங்க மேம்?"

அந்தக் கேள்விக்கு வகுப்பு சிரிக்கவில்லை.

இனி அம்மாவின் பக்கத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பால் நிறுத்துவதற்குப் பால் மறக்கடித்தல் என்று பெயர். நிறுத்துவது தாய், ஆனால் மறக்க வேண்டியது பிள்ளை. மார்பில் வேப்பெண்ணெய் தடவுவார்கள், அல்லது வேப்பிலையை அரைத்துப் பூசுவார்கள். அம்மாவிடம் நான் ஒரு முறை நேராகக் கேட்டேன். அவளுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒனக்குப் பால் குடுத்தா வயித்துல இருக்கறதுக்கு ஆவாதுன்னாங்க. அந்தப் பால் ஒனக்கும் வெசமுன்னாங்க. ராத்திரியானா நீ கத்துவ. நான் எண்ணெயத் தடவிக்கிட்டுச் செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்குவேன். நீ வாய வச்சிட்டு மூஞ்சியச் சுளிப்ப. மறுபடியும் வருவ."

"யாரு சொன்னா?"

"எல்லாந்தான்."

"அப்பா என்ன சொன்னாரு?"

அம்மா கீரைக்காம்பை ஒதுக்கினாள். "அவரு என்ன சொல்லுவாரு. அவரு வெளியில படுத்திருந்தாரு."

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பால் குறைவது உண்மை. கர்ப்பத்தின் நடுவில் அதன் தன்மையும் மாறும். ஆனால் அது விஷம் இல்லை. கர்ப்பம் சிக்கலில்லாமல் இருந்தால், தாய்க்குச் சோறு ஒழுங்காகக் கிடைத்தால், பெரும்பாலும் பால் கொடுக்கலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் விட வேண்டும் என்றும் சொல்கிறது. அம்மாவுக்குக் கிடைத்தது நான்கு மாதம். அவள் கேட்டா கிடைத்தது? மூன்றாவதும் பெண்ணாகிப் போனதால் அப்பாயிக்கு அவசரம், வம்சத்துக்கு அவசரம். பிள்ளைபெற்ற உடம்பு ஆறுவதற்கு முன்னால், அந்த அவசரத்துக்கு வழிவிட்டு அவள் படுக்க வேண்டியிருந்தது. அந்த அவசரத்தின் விளைவு என் கைகாலில் தெரிந்தபோது, ஊர் அவளைப் பார்த்தது. "கைப்புள்ள இருக்கையில இவளுக்கு என்ன அவசரம்" என்று கேட்டது.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். 2011இல் சீமா ஜெயச்சந்திரன், இலியானா குசியெம்கோ என்ற இரண்டு பெண் பொருளியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியாவில் தாய்மார்கள் பெண் குழந்தைக்கு ஏன் குறைந்த காலம் பாலூட்டுகிறார்கள் என்பதே கேள்வி. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் தரவுகளை வைத்து அவர்கள் கண்டது இது: பெண் குழந்தைக்குப் பால் சீக்கிரம் நிறுத்தப்படுகிறது, அண்ணன் இல்லாத குழந்தைகளுக்கும் அப்படியே. தாய்க்கு மகள்மேல் பாசம் குறைவு என்பது இதற்கு விளக்கமாகாது. பாலூட்டும் காலத்தில் கருத்தரிப்பது தள்ளிப்போகும். ஆண் பிள்ளை வேண்டும் என்ற வீட்டில் அந்தத் தள்ளிப்போதலுக்கு இடமில்லை. ஆகவே பால் நிற்கிறது. மகன் பிறந்துவிட்டால் அவசரம் தீர்கிறது. அவன் ஆற அமரக் குடிக்கிறான். என் தம்பி மூன்று வயதுவரை குடித்தான்.

பொருளியல் இதழில் அட்டவணையோடு வந்ததை எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள். ஒரு பாதியை மட்டும் விட்டுவிட்டார்கள்: சவலை பாய்வது அதிகம் பெண்ணின்மேல் என்பதை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1015 பெண்கள். அதைச் சொல்லிப் பெருமைப்படுபவர்கள் உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எண்ணினால் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 897 பெண் குழந்தைகள். மாநிலத்தின் சராசரி 943. பிறக்காமலே போனவர்கள், பிறந்து தேய்ந்தவர்கள் எல்லோரும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். நான் தேயாமல் தப்பியதற்குக் காரணம் அம்மாயி. என்னைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆட்டுப்பாலும் கேழ்வரகுக் கஞ்சியும் முட்டையும் கொடுத்து வளர்த்தாள். அம்மாயி இல்லாத பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டால், ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் "அதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு" என்பார்கள்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1975இல், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இந்தியாவில் வந்திருந்தது. அங்கன்வாடி என்பது அரசாங்கச் சொல். எங்கள் ஊர்ச் சொல் பால்வாடி. மராத்தி, குஜராத்திப் பக்கத்திலிருந்து வந்த பாலவாடி. அங்கே குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். மராட்டிய கிராமங்களில் தாராபாய் மோடக் போன்ற பெண்கள் வளர்த்த கனவு அது. தமிழ்க் காதுக்கு அது பால் என்றும் வாடி என்றும் பிரிந்து கேட்கிறது. பால் வாடிப்போன பிள்ளைகள் போகும் இடம். வேறு மொழிச் சொல் தற்செயலாக எங்கள் ஊருக்குப் பொருந்திவிட்டது.

நிலைமை அப்படியே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது, கிராம செவிலியர் வீட்டுக்கு வருகிறார், எடை போடுகிறார்கள். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 14.6 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். அரசு இதற்கு உடல் மெலிவு என்று பெயர் வைத்திருக்கிறது. 2024 நவம்பரில் ஊட்டச்சத்தை உறுதி செய் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது அரியலூர் மாவட்டம் வாரணவாசியில். ஆறு மாதம் நிறையாத, மெலிந்த குழந்தைகளின் தாய்மாருக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கும் திட்டம். பிள்ளை மெலிந்தால் தாய்க்குச் சாப்பாடு கொடு என்பதை ஓர் அரசாணை ஒப்புக்கொண்டிருக்கிறது. இது சிறிய விஷயமில்லை. புறநானூற்றுப் புலவரின் மனைவிக்கு ஒரு குமணன் வேண்டியிருந்தது.

பெட்டகத்தால் முடியாத இடமும் ஒன்று உண்டு. எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே திருமணமான மாணவி ஒருத்தி, பிள்ளை பெற்ற பிறகு திரும்ப வந்து மூன்றாம் ஆண்டு படித்தாள். அவள் தேர்வு எழுதும்போது அவளுடைய அம்மா வேப்பமரத்தடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒன்பது மாதப் பெண் குழந்தை. சவலை வெண்பா நடத்திய அடுத்த நாள் அவள் துறை அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"மேம், எங்க அத்தை பாப்பாவுக்குச் சவல பாஞ்சிருச்சுங்கறாங்க. பால நிறுத்தச் சொல்றாங்க."

"உனக்கு நாள் தள்ளிப்போயிருக்கா?"

தலையசைத்தாள். "ரெண்டு மாசம். அவங்க வீட்டுல சந்தோசமா இருக்காங்க மேம். இதாவது பையனா இருக்கணும்னு."

"நீ?"

அவள் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். "என்னை யாரும் கேக்கல மேம்."

நான் அவளுக்கு அறிவுரை சொல்லவில்லை. பால் விஷமில்லை என்று சொன்னேன். செவிலியரைப் பார்க்கும்போது கணவனையும் கூட்டிக்கொண்டு போ என்றேன். கருவை வைத்துக்கொள்வதும் இல்லாததும் உன் முடிவு, அதற்கு 1971இலிருந்து சட்டம் இருக்கிறது, மருத்துவரிடம் கேள் என்றேன். அவள் என்ன முடிவெடுத்தாள் என்று இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடையது. எழுதக்கூடியது இவ்வளவு: பால்வாடியில் பிள்ளையின் கையைச் சுற்றி மூவண்ண நாடாவால் அளந்தபோது அளவு மஞ்சளில் நின்றது. சிவப்புக்கு முந்திய நிறம். அவள் பால் கொடுப்பதை நிறுத்தவில்லை. அவளுடைய கணவன் அன்று கூட வந்திருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாகப் பால்வாடிக்குள் வந்தானாம். செவிலியர் அவனிடம், "தம்பி, இது புள்ளைக்கி வந்த நோயில்ல, நீங்க ரெண்டு பேரும் சேந்து போட்ட கணக்கு" என்று சொன்னதாக அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். செவிலியருக்கு யாப்பிலக்கணம் தெரியாது. விடுபட்ட சீரை அவர் சரியாகத் தொட்டுவிட்டார்.

அந்தப் பருவத்தில் யாப்புப் பாடத்துக்கு ஒரு கள வேலை கொடுத்தேன். அவரவர் வீட்டில், தெருவில், பிள்ளைகளின் மெலிவுக்கு வழங்கும் சொற்களைத் திரட்டி வர வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அந்தச் சொல் யார்மேல் பழி போடுகிறது என்று எழுத வேண்டும். குன்னம், வேப்பந்தட்டை, திருமானூர், ஜெயங்கொண்டம் என்று பல பக்கத்திலிருந்தும் சொற்கள் வந்தன. எதிர்க் கட்டத்தில் தாய் என்றும், பாட்டி என்றும், பக்கத்து வீட்டுக்காரி என்றும், தேரை, பறவை என்றும் இருந்தது. தகப்பன் என்று ஒரு நோட்டிலும் இல்லை.

ஒரு நோட்டில் மட்டும், சவலைக்கு எதிரே கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எங்க அம்மாகிட்டக் கேட்டேன் மேம். இன்னிக்கி ராத்திரி எங்க அப்பாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்னாங்க" என்றாள். நோட்டைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.